கரண்டி யாருடையது?

"ஏழாவது கேள்வி," என்றான் கம்ப்யூட்டர். "உங்க கையில இருக்கற கரண்டி யாரோடது?"

பூச்சு வேலைக்காரர் தன் கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாகச் சுவர் பூசுகிறவர். கரண்டியின் பூர்வீகத்தை இதுவரை யாரும் அவரிடம் விசாரித்ததில்லை.

"முதலாளியோடதுதான். ஏன், காணாமப் போச்சுன்னு சொன்னாரா?"

"ஐயோ அண்ணே, அதில்ல. உங்களோடதுன்னு சொல்லுங்க."

"எதுக்குப் பொய் சொல்லணும்? பிடியப் பாரு. அவரே ஆணியால தன் பேரக் கீறி வெச்சிருக்காரு."

கீறித்தான் இருந்தது. முதலாளி தன் பேரைக் கீறாத பொருள் அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை. வாளி, ஏணி, ரசமட்டம், டீ குடிக்கிற டம்ளர் வரைக்கும் கீறல். மனிதர்களை மட்டும்தான் விட்டுவைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் தலையில் கைவைத்துக்கொண்டான். வீட்டில் வைத்த பேர் வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பிரின்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்து வெளியே எடுத்தான். அன்றிலிருந்து இந்தப் பேர். கணக்கு எழுதத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் என்று பேர் வைத்துவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் காகிதமும் அவன் தலையில்தான் வந்து விழும்.

இந்த முறை விழுந்தது வரி அலுவலகத்துக் கடிதம். வருகிற ஒன்றாம் தேதி முதல் புதிய விதி. கட்டடத்தை மொத்தமாக எடுத்துச் செய்கிறவர், தன்னிடம் பகுதி பகுதியாக வேலை எடுத்துச் செய்கிற சப்-கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும்போதே அதில் வரியைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். பதிவு செய்துகொண்டவர் என்றால் நூற்றுக்கு இருபது. இல்லாதவர் என்றால் முப்பது.

அதை முதலாளி தாங்கிக்கொண்டார். பிடிப்பது அடுத்தவர் பணத்தில்தானே. கடிதத்தின் பின்பக்கம்தான் அவருக்குத் தலையைச் சுற்றியது. சப்-கான்ட்ராக்டர் என்று நீங்கள் சொல்கிற ஆள் நிஜமாகவே சொந்தத் தொழில் செய்கிறவரா, இல்லை, சம்பள ஊழியருக்கே அப்படி ஒரு பேர் வைத்திருக்கிறீர்களா? கண்டுபிடிக்க இருபது கேள்விகள். ஊழியர் என்று ஆகிவிட்டால் விடுமுறைச் சம்பளம், காப்பீடு, காய்ச்சல் வந்தால் லீவு என்று எல்லாமே முதலாளியின் பொறுப்பு. வியாழக்கிழமை காலை எங்கள் அதிகாரி நேரில் வருவார். இப்படிக்கு.

"நம்மகிட்ட இருக்கற ஒன்பது பேரும் சொந்தத் தொழில்காரங்கதான். அப்படித்தான் ஃபைல்ல இருக்கணும்," என்றார் முதலாளி.

"அண்ணே, ஒன்பது பேரும் பத்து வருஷமா நம்மகிட்டதான் இருக்காங்க."

"பத்து வருஷமா சொந்தத் தொழில் பண்றாங்க. பாராட்ட வேண்டிய விஷயம்."

கம்ப்யூட்டரின் குடுமி முதலாளியின் கையில் இருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. அதில் மனைவியுடன் ஒரே ஊரில் இருந்தது பதினோரு நாள். மீதிக் குடித்தனம் முழுக்க ஃபோனில்தான். அவளை விசா வாங்கி இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. 'இவர் எங்கள் நிரந்தர ஊழியர்' என்று முதலாளி கையெழுத்திட்ட ஒரு கடிதம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது விசா அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் மறுபடி ஒரு வருடம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கடிதத்தை அவனே அடித்து, அச்செடுத்து, கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான்.

"வியாழக்கிழமை அந்தாளு ஃபைலப் பாத்துட்டு சரின்னு போகட்டும்டா. வெள்ளிக்கிழமை காலைல உன் கடுதாசில கையெழுத்து. நான் பேச்சு மாறி இருக்கேனா?"

மாறியிருக்கிறார். ஆனால் அதைச் சொல்லுகிற நேரம் இதுவல்ல.

திங்கட்கிழமை மதியம் கம்ப்யூட்டர் முதல் யோசனையைச் சொன்னான்.

"கருவியெல்லாம் அவங்களுக்கே குடுத்துட்டதா எழுதிடலாம்ணே."

முதலாளிக்கு வலித்தது. ஆனாலும் சம்மதித்தார். கரண்டி பூச்சு வேலைக்காரருக்கு. ஏணி பெயின்டருக்கு. டைல்ஸ் வெட்டும் மெஷின் டைல்ஸ்காரருக்கு. கலவை மெஷின் மட்டும் மிஞ்சியது. அதற்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டுமே. பூச்சு வேலைக்காரரிடம் அதையும் தள்ளிவிட்டார்கள். ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கட்டடத்தில் ஒரு ஆணிகூட இல்லை. ஏணியைப் பெயின்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பரணை ஒழித்துக்கொண்டிருந்தார். கலவை மெஷின் இருந்த இடத்தில் ஒரு வட்டமான ஈரம் மட்டும் இருந்தது.

"மெஷின் எங்கண்ணே?" கம்ப்யூட்டர் ஃபோனில் அலறினான்.

"பக்கத்துத் தெருவுல ஒரு வீடு கட்றாங்க தம்பி. ரெண்டு நாள் வாடகைக்கு விட்டிருக்கேன்," என்றார் பூச்சு வேலைக்காரர். "என் மெஷின்தானே?"

"நமக்கு இங்க கலவை வேணுமே!"

"தரேன். நாள் வாடகை என்னன்னு முதலாளிகிட்ட பேசிடு. தெரிஞ்சவர்ங்கறதால கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

முதலாளி தன் மெஷினையே வாடகைக்கு எடுத்தார். ரசீதில் கையெழுத்துப் போடுமுன் தொகையை மூன்று முறை படித்தார். ஃபைலுக்கு ஒரு நல்ல காகிதம் சேர்ந்தது என்று கம்ப்யூட்டர் சந்தோஷப்பட்டதை அவர் ரசிக்கவில்லை.

அன்று மாலை பதினோராவது கேள்விக்கு வந்தார்கள். வேலை நேரத்தை முடிவு செய்வது யார்?

"நான்தான். எட்டு மணி," என்றார் முதலாளி.

"அப்படிச் சொன்னா மாட்டிக்குவோம்ணே. அவங்கவங்க இஷ்டம்னு எழுதணும்."

"எழுது. எழுதறதுதானே."

எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கினான். வாசித்துக் காட்டியதுதான் தப்பாகப் போயிற்று. புதன்கிழமை பூச்சு வேலைக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். டைல்ஸ்காரர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தலைமுடி வெட்டிக்கொண்டு, பளபளவென்று வந்து சேர்ந்தார். பெயின்டர் மூன்றரைக்கு வந்து நாலு மணிக்கு டீ கேட்டார்.

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். கம்ப்யூட்டர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"அதட்டக் கூடாதுண்ணே! பதினாலாவது கேள்வி. வேலைய எப்படிச் செய்யணும்னு நீங்க சொன்னா அவங்க ஊழியர் ஆயிடுவாங்க."

"நான் சொல்லவே கூடாதா?"

"ஆலோசனை சொல்லலாம். அதுவும் கேட்டா."

முதலாளி பாதி பூசிய சுவரின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏ சுவரே!" என்று கத்தினார். "உனக்கு வெக்கமா இல்ல? எட்டு மணிக்குப் பூச வேண்டியவன் பதினோரு மணிக்கு வந்தா நீ எப்போ காயறது? வெள்ளிக்கிழமை வீட்டுக்காரன் வந்து கேட்டா உன் மூஞ்சியவா காட்டுவேன்?"

"சுவர் பாவம்," என்றார் பூச்சு வேலைக்காரர், டைல்ஸ்காரரிடம். "நல்லா வாங்கிக் கட்டிக்குது."

"அதுவும் சப்-கான்ட்ராக்ட் சுவர்தானாம். திருப்பிப் பேச உரிமை இருக்கு," என்றார் டைல்ஸ்காரர். அவர் அன்று காலை தன் கம்பெனிக்கு ஒரு பேரும் வைத்திருந்தார். 'அகில உலகத் தரை நிறுவனம்'. முழங்கால் தேய உட்கார்ந்து பசை தடவுகிற அந்த ஒரே ஆளைக் கூப்பிட்டால், "எங்க எம்.டி. கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவரே யோசித்தார்.

புதன் மாலை முதலாளி தகர ஆபீஸுக்குள் வந்து ஃபைலைப் புரட்டினார். ஒன்பது ஆள், ஒன்பது உறுதிமொழி. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரின் மடிக்கணினியைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்ணே. நீங்கதான் வாங்கித் தரலையே."

"ஃபோனு?"

"என்னோடது."

"அப்ப நீயும் சொந்தத் தொழில்தான். ஒரு ஃபாரத்த எடு."

"அண்ணே! எனக்கு நிரந்தர ஊழியர்னு கடுதாசி வேணும்ணே!"

"அது வெள்ளிக்கிழமை. இது வியாழக்கிழமை. ஒன்பது பேர் சொந்தத் தொழில், நீ ஒருத்தன் மட்டும் ஊழியன்னா அந்தாளுக்குக் கண்ணை உறுத்தாதா? இதுல நீ சொந்தத் தொழில். அதுல நீ நிரந்தர ஊழியர். ரெண்டு காகிதமும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவா போகுது?"

பத்தாவது உறுதிமொழியில் கம்ப்யூட்டர் கையெழுத்துப் போட்டான். அன்று மனைவி ஃபோனில் கேட்டாள்:

"குரல் ஏன் இப்படி இருக்கு? கடுதாசி வாங்கிட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிடும்."

"வெள்ளிக்கிழமதான் கடைசி நாளே!"

"அதான் வெள்ளிக்கிழமை."

"நீங்க அங்க வேலதானே பாக்கறீங்க?"

எளிமையான கேள்விதான். இரண்டு நாளுக்கு முன்னால் கேட்டிருந்தால் பட்டென்று பதில் சொல்லியிருப்பான்.

"பத்தொன்பதாவது கேள்விக்கு மட்டும் அத்தாட்சி இல்லைண்ணே," என்று கம்ப்யூட்டர் அன்று மாலையே முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். வர முடியாவிட்டால் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்ப வேலை செய்கிறவருக்கு உரிமை உண்டா? சொந்தத் தொழில்காரர் என்றால் அனுப்பலாம். ஊழியர் என்றால் அவரேதான் வர வேண்டும். "ரெண்டு பேராவது நாளைக்குப் பதில் ஆள் அனுப்பினா அதிகாரி கண்ணால பாப்பாரு."

முதலாளி ஒன்பது பேருக்கும் ஒரே குரல் செய்தியாக அனுப்பினார். "நாளைக்கு யாராவது ரெண்டு பேர் பதில் ஆள் அனுப்புங்க." எந்த இரண்டு பேர் என்று சொல்லவில்லை. சொல்வது பதினாலாவது கேள்விக்கு ஆகாது.

ஒன்பது பேரும் அனுப்பினார்கள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரே அந்நிய முகங்கள். யாரோ ஒருவருடைய மச்சான், யாரோ ஒருவருடைய வாடகை வீட்டுக்காரர், தையல் கடைக்காரர் ஒருவர், எதற்கு வந்தோம் என்றே தெரியாத இரண்டு பேர். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் பார்க்க வரப்போகிற முன்சுவர் பாதியில் நின்றது. முதலாளி, "இங்க இருந்தா வாய் சும்மா இருக்காதுடா. அதிகாரி வந்து சரின்னு சொன்னப்புறம் கூப்பிடு," என்று சொல்லிவிட்டுத் தெருமுனையில் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டத்துக்கு நடுவே டை கட்டி, பளபளக்கும் ஷூ போட்டு, தோளில் பையுடன் ஒருவர் தயங்கி நின்றார். கம்ப்யூட்டருக்கு அடையாளம் கேட்கவே தோன்றவில்லை. டையைப் பார்த்த மாத்திரத்தில் முதுகு தானாக வளைந்தது.

"வாங்க சார், வாங்க. உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கோம்."

"அப்படியா?" என்றார் டைக்காரர், நெகிழ்ந்துபோய்.

அவரை மின்விசிறிக்கு நேராக உட்காரவைத்து, டீ கொடுத்து, மேஜை மேல் இருந்த காகிதம் அத்தனையையும் அள்ளி ஃபைலில் திணித்து அவர் முன்னால் வைத்தான். அந்த அவசரத்தில் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து உள்ளே போனதை அவன் கவனிக்கவில்லை.

வெளியே வந்தால், ஹெல்மெட்டும் பச்சை ஜாக்கெட்டும் கனத்த பூட்ஸும் போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்த அத்தனை பேரில், வாசல் பலகையில் எழுதியிருந்த பாதுகாப்பு விதியை மதித்து வந்தவர் அவர் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. வேலை தெரிந்த ஆள்!

"பூச்சண்ணன் அனுப்பினாரா உங்கள?"

"இல்ல, நான் வந்து..."

"வந்துட்டீங்கல்ல, அது போதும். இந்தாங்க." கருவிப் பெட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்த பழைய கரண்டியை எடுத்துக் கையில் திணித்தான். "இந்தச் சுவரு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சாகணும்."

"நான் பூசணுமா?"

"பின்ன? வேடிக்கை பாக்கவா வந்தீங்க?"

"அதுக்குத்தான் வந்தேன்," என்றார் ஹெல்மெட்காரர்.

நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர் போலிருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டான். அவரும் கரண்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டின் கையை மடித்துக்கொண்டு சுவரிடம் போனார்.

அன்றைய பொழுது முழுக்கக் கம்ப்யூட்டர் பம்பரமாகச் சுற்றினான். உள்ளே டைக்காரர் பக்கம் பக்கமாகப் படித்தார். நடுநடுவே, "ம்ம்" என்றார். ஒருமுறை, "நல்லா எழுதியிருக்கீங்க," என்றுகூடச் சொன்னார். கம்ப்யூட்டர் உடனே காருக்கு ஃபோன் போட்டான்.

"நல்லா இருக்குன்னுட்டாருண்ணே!"

"ஆகா! இன்னொரு டீ குடு. பிஸ்கட் வை. பெரிய பாக்கெட்டு."

வெளியே சுவர்தான் தகராறு செய்தது. ஹெல்மெட்காரர் பூசிய இடம் மேடும் பள்ளமுமாக இருந்தது.

"என்னங்க இது, சுவரா மலையா? மேலேர்ந்து கீழ இழுங்க. இப்படி! கையத் தளர்த்தாதீங்க." கம்ப்யூட்டர் வாழ்நாளில் சுவர் பூசியதில்லை. ஆனால் அதட்ட அது ஒரு தடையாக இல்லை.

"சரி தம்பி. கரண்டியில பேரு கீறியிருக்கே, யாரோடது?"

"எங்க முதலாளியோடது. போகும்போது கழுவிக் குடுத்துட்டுப் போகணும். தூக்கிட்டுப் போயிடாதீங்க, ஏற்கெனவே பட்டாச்சு."

பதினோரு மணிக்கு ஹெல்மெட்காரர் முதுகை நிமிர்த்தினார். "ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?"

"ஒரு மணிக்குத்தான் இடைவேளை. அஞ்சு மணி வரைக்கும் வாசலத் தாண்டக் கூடாது."

"முதுகு போகுதுப்பா. நாளைக்கு எனக்குப் பதிலா வேற யாரையாவது அனுப்பறேன்."

"பதிலுக்கு வந்தவருக்கே ஒரு பதிலா? நல்லா இருக்கே! நாளைக்கும் நீங்களேதான் வரணும்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கலவையை அள்ளினார். பாவம், அடங்கின மனிதர். இப்படி ஒன்பது பேர் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றியது.

நாலேகால் மணிக்கு டைக்காரர் கடைசிப் பக்கத்தை மூடினார். கம்ப்யூட்டர் காருக்கு ஃபோன் செய்ய, முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்து கைகூப்பி நின்றார்.

"எல்லாம் சரியா இருக்குங்களா சார்?"

"ரொம்பச் சரி," என்றார் டைக்காரர், டையை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டே. "காலைல ஒரு இன்டர்வியூ முடிச்சிட்டு நேரா இங்க வந்தேன். இவ்ளோ மரியாதையா யாரும் என்ன நடத்தினதே இல்ல. இப்ப எந்தச் சுவர்னு சொன்னீங்கன்னா பெயின்ட் அடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். மூணு மணிக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்லித்தான் பெயின்டர் மாமா அனுப்பினாரு."

முதலாளி பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தார். காலி.

"அப்ப அதிகாரி?"

"வரலைண்ணே," என்றான் கம்ப்யூட்டர் ஈனக்குரலில்.

முதலாளியின் முகம் மெல்ல மலர்ந்தது. "வரலையா? வரலைன்னா நல்லதுதானேடா! விட்டுது சனியன்!"

"அப்ப என் கடுதாசிண்ணே? நாளைக்குக் கடைசி நாளு."

"அந்தாளு வந்து சரின்னு சொன்னாத்தானேப்பா கையெழுத்து? அதுதானே பேச்சு? அவன் வரட்டும். அடுத்த மாசமோ, எப்பவோ."

கம்ப்யூட்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். பையில் ஃபோன் அதிர்ந்தது. அவள்தான். எடுக்கவில்லை.

கதவில் நிழல் விழுந்தது. முழங்கை வரை கலவையுடன் ஹெல்மெட்காரர் உள்ளே வந்தார். கழுவின கரண்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, திறந்து கிடந்த ஃபைலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யோவ், ஆபீஸ் காகிதத்தைத் தொடாதே! யாருய்யா நீ? சுவரு முடிஞ்சுதா?" என்று முதலாளி இரண்டு நாளாக அடக்கிவைத்த குரலில் அதட்டினார்.

"முடிஞ்சுது. தம்பி விடாம நின்னு வேலை வாங்கிட்டாரு."

ஹெல்மெட்காரர் பத்தாவது உறுதிமொழியை உருவினார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடிதத்தையும் உருவினார். ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு, முதலாளியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பணிவாக அவர் கையிலேயே கொடுத்தார்.

"கடுதாசில கையெழுத்துப் போடுங்க முதலாளி. அப்புறம் இதே மாதிரி இன்னும் பத்து அடிக்கச் சொல்லுங்க. அந்த ஒன்பது பேருக்கு ஒன்பது, இன்னைக்கு உங்க சுவரப் பூசின வரி அதிகாரிக்கு ஒண்ணு."